பருத்தி ராஜாவின் பட்டாளம் கரைந்த விதம்: அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861–65 – ஒரு நிகழ்வு ஆய்வு

1865 பிப்ரவரி 24ஆம் தேதி, அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவை விட்டுப் பிரிந்த 11 தென்மாநிலங்களின், அதாவது ‘தெற்கின்’, தலைமைத் தளபதி ராபர்ட் லீ, தன் அரசின் போர்த்துறைச் செயலர் ஜான் பிரெக்கின்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மாதம் 12ஆம் தேதியிலிருந்து, கோர் என்ற பெரும்படைப் பிரிவு ஒன்றைச் சேர்ந்த இரண்டு டிவிஷன்களில் மட்டும் சுமார் 400 பேர் ஓடிப்போய்விட்டார்கள் என்பது அதில் இருந்த செய்தி. காரணத்தையும் அவரே சொன்னார். ஊரில் இருக்கும் உற்றார் உறவினருக்கு நம்பிக்கை அற்றுப்போய்விட்டது, அவர்கள் சொல்லி அனுப்புவதைக் கேட்டுத்தான் ஆட்கள் கிளம்புகிறார்கள் என்று.

இந்த ஆய்வின் கேள்வி அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தது. இதே லீயின் படை 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் அடிவாங்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆளைப் பலிகொடுத்துத் திரும்பியது, அப்போது கலையவில்லை. 1864 மே, ஜூனில் வாரக்கணக்கில் விடாமல் சண்டை நடந்தது, அப்போதும் கலையவில்லை. பெரிய சண்டை அதிகம் இல்லாத பனிக்கால மாதங்களில்தான் கரைய ஆரம்பித்தது. அடிபட்டபோது நின்ற படை, அகழியில் உட்கார்ந்திருந்தபோது ஏன் போனது?

காங்கயத்தில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த நிகழ்வை எடுத்துப் பேசியது. வட்டம் என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. மூலனூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி போடும் ஒரு பெரியவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், நூல் மில்லில் சூப்பர்வைசர், வரலாறு முதுகலை படிக்கும் ஒரு பெண், இப்படிக் கொஞ்சம் பேர். இவர்கள் கேட்ட கேள்விகள் பல புத்தகங்கள் கேட்கும் கேள்விகளைவிடக் கூர்மையாக இருந்ததால், அவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

கொங்குக்கு இதில் என்ன?

கேட்கவேண்டிய கேள்விதான். அமெரிக்கத் தெற்குக்கும் கோயமுத்தூருக்கும் உள்ள தொடர்பு அந்தப் போருக்கு 20 வருடம் முந்தியது. இங்கிலாந்தின் லங்காஷையர் நூல் மில்கள் அமெரிக்கப் பஞ்சையே நம்பி இருப்பது ஆபத்து என்று கும்பினிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்திப் பண்ணைக்காரர்களைச் சம்பளத்துக்குக் கூட்டிவந்து இந்தியாவில் பல இடங்களில் சோதனைப் பண்ணை போட்டார்கள். அதில் ஒன்று கோயமுத்தூரில். அதை மேற்பார்த்தவர் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர். 1853இல் அவர் ஊர் திரும்பும்வரை அமெரிக்க ரகத்தை இங்கே காலூன்ற வைக்கப் பார்த்தார். நம் காட்டில் அது பெரிதாக எடுபடவில்லை. கரிசலில் உப்பம், செம்மண்ணில் நாடன் என்ற நம் ரகங்கள்தான் தொடர்ந்து ஓடின.

1861இல் போர் வெடித்ததும் தெற்கின் துறைமுகங்களை வடக்கு மறித்தது. லிவர்பூலில் பஞ்சு விலை 1864 வாக்கில் ஏறக்குறைய நாலு மடங்காக ஏறியது. குட்டை இழை, தூசி அதிகம் என்று வெள்ளைக்காரன் மூக்கைச் சுளித்த இந்தியப் பஞ்சுக்கு ஒரே நாளில் மவுசு வந்தது. 1862இல் சென்னை–பேப்பூர் ரயில் பாதை போத்தனூர் வழியாக ஓட ஆரம்பித்தது. சரியான நேரத்தில் வந்த பாதை. ஆக, அங்கே ஒரு சிப்பாய் கால்சட்டை கிழிந்து நின்ற அதே வருடங்களில், இங்கே கரிசல்காட்டுக்காரர் கையில் காசு புழங்கியது. தெற்கின் மன உறுதி எதன்மேல் கட்டப்பட்டதோ, அதன் அடிக்கல்லில் ஒன்றை உருவியவர்களில் நம் ஆட்களும் உண்டு, தெரிந்து செய்யவில்லை என்றாலும்.

பருத்தியின்மேல் வைத்த நம்பிக்கை

‘பருத்திதான் ராஜா’ என்று தென் கரோலினாவின் செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட் 1858இல் அவையிலேயே முழங்கினார். அது வெறும் மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை. தெற்கு போருக்குத் துணிந்ததற்கே அது ஒரு காரணம். பிரிட்டன் வாங்கிய பஞ்சில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தெற்கிலிருந்து போனது. பஞ்சை நிறுத்தினால் லங்காஷையர் பட்டினி கிடக்கும், பிரிட்டிஷ் கப்பற்படை நமக்காக வந்து நிற்கும் என்று சாதாரண ஜனமும் நம்பியது. 1861இல் சட்டம்கூடப் போடாமல், தாங்களாகவே பஞ்சை ஏற்றுமதி செய்யாமல் பிடித்துவைத்தார்கள்.

பிரிட்டிஷ் கிடங்குகளில் முந்தைய வருடத்து அமோக விளைச்சல் குவிந்து கிடந்தது. அது தீர்ந்து லங்காஷையரில் வேலை போனபோது இந்தியாவும் எகிப்தும் கொஞ்சம் ஈடுகட்டின. கப்பற்படை வரவேயில்லை.

இந்த இடத்தில் மூலனூர்ப் பெரியவர் குறுக்கே வந்தார்: “ஏனுங்க, ஆம்பளைங்க பூராம் பட்டாளத்துக்குப் போயிட்டா காட்டை ஆருங்க பாத்தாங்க? பருத்தியத் திங்க முடியுங்களா?”

முழு ஆய்வும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் இரண்டாவதற்குப் பதில். தின்ன முடியாது என்று தெற்கு அரசுகளுக்கும் சீக்கிரமே உறைத்தது. பருத்தியைக் குறைத்து மக்காச்சோளம் போடச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதின. ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் ஆளுக்கு இவ்வளவு ஏக்கருக்கு மேல் பருத்தி கூடாது என்று சட்டமே போட்டன. 1861இல் 45 லட்சம் பேல் விளைந்த தெற்கில் 1864இல் விளைந்தது சுமார் 3 லட்சம் பேல். இருந்தும் எல்லோரும் கேட்டுவிடவில்லை. ராபர்ட் டூம்ஸ் என்ற ஜார்ஜியாப் பண்ணையார், அதே தெற்கு அரசில் வெளியுறவுச் செயலராக இருந்தவர், 1862இல் ஊர்க் கமிட்டி கண்டித்தும் என் நிலத்தில் என்ன போடுவது என்பது என் இஷ்டம் என்று பருத்தியே போட்டார். சின்னச் சம்சாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சரி, காட்டை யார் பார்த்தார்கள்? பெரும்பண்ணைகளில் அடிமைகள். ஆனால் தெற்கில் வெள்ளையர் குடும்பங்களில் அடிமை வைத்திருந்தவை மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவர்கள் சொந்தக் கையால் உழுதவர்கள். 1862 ஏப்ரலில் 18 முதல் 35 வயதுவரை கட்டாய ஆள்சேர்ப்பு. செப்டம்பரில் 45 வரை. 1864 பிப்ரவரியில் 17 முதல் 50 வரை. அந்த வீடுகளில் கலப்பை பிடிக்க மிஞ்சியது பொம்பளைகளும் பொடிசுகளும்தான்.

ரிச்மண்ட், 1863 ஏப்ரல் 2

தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் போருக்கு முன் சுமார் 38,000 பேர். அலுவலகம், ஆயுதச்சாலை, ஆஸ்பத்திரி, அகதிகள் என்று இரண்டு வருடத்தில் அது இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. 1863 மார்ச்சில் தோட்டா செய்யும் கூடம் ஒன்று வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலிக்கு வேலை பார்த்த இளம்பெண்கள், சிறுமிகள். அடுத்த வாரம் கனத்த பனி. சேறான சாலையில் காய்கறி வண்டி நகரத்துக்குள் வரவில்லை. இதற்கு நடுவே படைக்குத் தானியம் வேண்டும் என்று அரசு, அதிகாரிகள் வைத்த விலைக்கு வலுக்கட்டாயமாகப் பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் போட்டிருந்தது. பிடுங்கப்படும் பயத்தில் விவசாயி சந்தைக்கே சரக்கைக் கொண்டுவரவில்லை.

ஏப்ரல் 1 அன்று பெல்விடியர் மேட்டில் ஒரு தேவாலயத்தில் பெண்கள் கூடினார்கள். மேரி ஜாக்சன் என்ற பெண் அவர்களைத் திரட்டினார். மறுநாள் காலையில் ஆளுநர் ஜான் லெட்சரிடம் போய் முறையிட்டார்கள். அவர் சொன்னது எடுபடவில்லை. கையில் கோடாலியும் கத்தியும் துப்பாக்கியுமாகக் கடைவீதிக்கு நடந்தார்கள். ரொட்டி, ரொட்டி என்ற கூச்சல். மாவு, பன்றி இறைச்சி, பிறகு செருப்பு, துணி என்று கையில் கிடைத்ததை அள்ளினார்கள். தெற்கின் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் நேரில் வந்து, சட்டைப் பையில் இருந்த காசையெல்லாம் வீசி, ஐந்து நிமிடத்தில் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்று கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. கூட்டம் கலைந்தது.

அன்றே அரசு செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பத்திரிகைகள் இதை எழுதவேண்டாம், தந்தி வழியாகவும் செய்தி போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். அதைவிட, அகழியில் இருக்கும் புருஷனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் தபால் ஓடிக்கொண்டிருந்ததே. வட கரோலினாவின் சால்ஸ்பரியில் மார்ச்சிலேயே பெண்கள் மாவுக் கிடங்கை உடைத்திருந்தார்கள். செப்டம்பரில் அலபாமாவின் மொபீலில் அதே கதை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தப் பெண்கள் போரை நிறுத்து என்று கூவவில்லை. அரசு விலைக்கு எங்களுக்கும் கொடு என்றார்கள். என் புருஷன் அங்கே சாகிறான், அதற்கு ஈடாக இங்கே பிள்ளைக்குச் சோறு என்பது அவர்கள் மனதில் இருந்த ஒப்பந்தம். ஆதரவு போய்விட்டது என்று இதைப் படிப்பது அவசரம். ஆதரவுக்கு ஒரு விலை இருந்தது. அதை அரசு கட்டவில்லை.

யார் வீட்டுப் போர்?

பசி மட்டும் படையைக் கலைக்காது. பக்கத்து வீட்டில் விருந்து நடக்கும்போது நம் வீட்டில் பசி என்றால் அது வேறு. 1862 அக்டோபரில் வந்த ஒரு சட்டத்திருத்தம், 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் படைக்குப் போகவேண்டாம் என்றது. அடிமைகளைக் கண்காணிக்க ஆள் வேண்டுமாம். உண்மையில் இதனால் விலக்குப் பெற்றவர்கள் மொத்தப் படையோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தா ஊர் பேசும்? காசுள்ளவன் பதிலி ஆள் வைத்துத் தப்பிக்கலாம் என்ற விதி 1863 கடைசிவரை இருந்தது. பணக்காரன் போர், ஏழை சாவு என்ற பேச்சு ஊரூராகப் பரவியது.

1863 ஏப்ரலில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பொருளாகவே எடுத்தார்கள். காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளியதில் 1865 தொடக்கத்தில் விலைவாசி 1861ஐப்போல ஏறக்குறைய 90 மடங்கு. சிப்பாய்க்கு மாதம் 11 டாலர். 1864 நடுவில்தான் 18 ஆக்கினார்கள், அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. எங்கள் மில் சூப்பர்வைசர் இதைக் கேட்டுவிட்டு, “சம்பளம் லேட்டாச்சுன்னா ஆளு கோவிச்சுக்குவான், வேலைக்கு வந்துருவான். வந்த சம்பளத்துல ஒண்ணும் வாங்க முடியலைன்னாத்தான் வேற மில்லு பாப்பான்” என்றார். சிப்பாய்க்கு வேறு மில் இல்லை. வீடு இருந்தது.

விதைப்புக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பி, உழுது, விதைத்து, மறுபடி படைக்கே திரும்பியவர்கள் நிறைய. ராணுவச் சட்டப்படி ஓடிப்போனவன். ஊர் கணக்கில் கடமை தெரிந்தவன். இதைப் புரிந்துகொண்ட தளபதிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். 1863 ஆகஸ்டில் டேவிஸ், 20 நாளில் திரும்பினால் மன்னிப்பு என்று அறிவித்தார். சுட்டுக்கொன்றும் பார்த்தார்கள். இரண்டுமே பாதிதான் வேலை செய்தன. 1864 செப்டம்பரில் ஜார்ஜியாவின் மேக்கனில் பேசிய டேவிஸ், நம் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு களத்தில் இல்லை, சிலர் நோயாளி, சிலர் காயம்பட்டவர், பெரும்பாலோர் அனுமதியில்லாமல் போனவர்கள் என்று பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டுத் தலைவர் போர் நடுவே இப்படிப் பேசுவது விவேகமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஹவில்தார் ஒரே வார்த்தையில் முடித்தார்: “தப்புங்க.”

வடக்கும் ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை

வடக்கிலிருந்து ஓடிப்போனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்: சுமார் 2 லட்சம். தெற்கில் 1 லட்சத்துக்குச் சற்று மேல். சேர்ந்தவர்களின் தொகை வடக்கில் 20 லட்சத்தைத் தாண்டியதால் தாங்கியது. தெற்கில் அதில் பாதிகூட இல்லை. 300 டாலர் கட்டினால் போருக்குப் போகவேண்டாம் என்ற விதி வடக்கிலும் இருந்தது. 1863 ஜூலையில் நியூயார்க்கில் ஆள்சேர்ப்புக் குலுக்கலை எதிர்த்து நான்கு நாள் கலவரம். நூற்றுக்கு மேல் சாவு. கறுப்பினத்தவரைத் தேடித்தேடி அடித்தார்கள், அவர்களுடைய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தையே கொளுத்தினார்கள்.

ஆனால் உடைந்த படையைத் திரும்ப ஒட்டவைத்த ஒரு நல்ல உதாரணமும் வடக்கில்தான் இருக்கிறது. 1862 டிசம்பர் 13, பிரெடரிக்ஸ்பர்க்கில் மேட்டின்மேல் இருந்த எதிரியை நேருக்கு நேர் ஏறித் தாக்கப்போய் வடக்கு சுமார் 12,600 பேரை இழந்தது. ஜனவரியில் மழையில் படையை நகர்த்தப் பார்த்து வண்டிகள் சேற்றில் புதைந்ததுதான் மிச்சம். தளபதி பர்ன்சைடை மாற்றி ஜோசப் ஹூக்கரைப் போட்டபோது, பட்டியலில் பேர் இருந்தும் களத்தில் ஆள் இல்லாதவர்கள் 80,000க்கு மேல்.

ஹூக்கர் வீர வசனம் பேசுவதில் பேர்போனவர். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் முதலில் தொட்டது சமையல். கல்லைப்போன்ற காய்ந்த பிஸ்கட்டைத் தின்று பல் கெட்டு, காய்கறி இல்லாமல் ஈறு வீங்கிக் கிடந்த ஆட்களுக்கு வாரத்தில் நாலு நாள் புது ரொட்டி, இரண்டு நாள் உருளைக்கிழங்கோ வெங்காயமோ கொடுத்தாகவேண்டும் என்று உத்தரவு. சரக்கு வரவில்லை என்று சொல்லும் அதிகாரி, கிடங்கில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. அதுவரை ரேஷன் காகிதத்தில் இருந்தது, வழியில் காணாமல்போனது. இப்போது காணாமல்போனதற்கு ஒரு பேர் இருந்தது. அடுத்து, ஒழுங்காக இருக்கும் படைப்பிரிவுகளுக்கு முறைவைத்து லீவு. பிறகு ஒவ்வொரு கோருக்கும் தொப்பியில் ஒரு சின்னம்: வட்டம், மூவிலை, நட்சத்திரம் என்று. ஆஸ்பத்திரிகளைச் சுத்தம் செய்தார்கள்.

இதை விவரித்தபோது ஹவில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “லீவு லிஸ்டுல பேரு எப்ப வரும்னு தெரிஞ்சாப் போதுமுங்க. ஆறு மாசமானாலும் இருந்துக்குவோம். எப்பன்னே தெரியாத லீவுதான் மனுசனைக் கொல்றது. மெஸ்ஸுல சோறு நல்லாருந்தாப் பாதி புகார் வராது” என்றார்.

ஏப்ரலுக்குள் படை எழுந்து நின்றது. மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் அதே ஹூக்கர் லீயிடம் தோற்றார் என்பதையும் சொல்லியாகவேண்டும். ரொட்டி போட்டால் வெற்றி வரும் என்று இல்லை. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகும் படை கலையாமல், இரண்டே மாதத்தில் கெட்டிஸ்பர்க்கில் நின்று அடித்தது.

1864: இரண்டு தேர்தல்

மக்கள் ஆதரவை அளக்கத் தேர்தலைவிட நல்ல கோல் இல்லை. போர் நடுவே இரண்டு பக்கமும் வாக்குப்பெட்டி திறந்தது இந்த நிகழ்வின் அதிசயம்.

ஆகஸ்டில் வட கரோலினா. ஓடிப்போனவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. ஆளுநர் செபுலன் வான்ஸுக்குப் பெண்கள் எழுதிய மனுக்கள் மலைபோல் குவிந்தன. சமாதானம் பேசலாம் என்று நின்ற வில்லியம் ஹோல்டன் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கத் தோன்றும். வான்ஸ் பெருவாரியாக ஜெயித்தார், களத்திலிருந்த சிப்பாய்கள் வாக்கும் அவருக்கே. ரிச்மண்ட் அரசைத் திட்டிக்கொண்டே, தானியம், துணி, உப்பு என்று தன் மாநிலத்து ஜனத்துக்கு ஓடியோடிச் செய்தவர் வான்ஸ். அரசின்மேல் கோபம், போரின்மேல் பிடிப்பு: இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

அதே ஆகஸ்டில் வடக்கு துவண்டு கிடந்தது. வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் மே, ஜூன் சண்டைகளில் சுமார் 55,000 பேரை இழந்து, ரிச்மண்டுக்குத் தெற்கே உள்ள பீட்டர்ஸ்பர்க் வாசலில் முடங்கியிருந்தார். 23ஆம் தேதி வடக்கின் குடியரசுத் தலைவர் லிங்கன், தான் தோற்பது ஏறக்குறைய உறுதி என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். எதிர்க்கட்சி, போர் தோற்றுவிட்டது என்று தீர்மானம் போட்டு முன்னாள் தளபதி மெக்கிளெல்லனை நிறுத்தியது. செப்டம்பர் 2இல் ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரம் வடக்குப் படையிடம் விழுந்தது. அவ்வளவுதான், காற்று திசை மாறிவிட்டது.

நவம்பர் 8இல் லிங்கன் 55 சதவீத வாக்கில் ஜெயித்தார். சிப்பாய்களிடம் அவருக்கு விழுந்தது சுமார் 78 சதவீதம். மெக்கிளெல்லன் சிப்பாய்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய தளபதி. அவர் ஜெயித்தால் சீக்கிரம் வீடு போகலாம். இருந்தும் எதிர்த்துப் போட்டார்கள். இதே சிப்பாய்களில் சுமார் 1,36,000 பேர், மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து வீடு போகலாம் என்ற நிலையில், 30 நாள் லீவுக்கும் ஊக்கத்தொகைக்கும் மறுபடி கையெழுத்துப் போட்டவர்கள். ஊக்கத்தொகைதான் காரணம் என்பவர்கள் இந்த வாக்கை எப்படி விளக்குவார்கள்? செத்தவன் சும்மா செத்ததாக ஆகிவிடக் கூடாது என்ற பிடிவாதம் அதில் இருந்தது என்பது என் எண்ணம்.

பீட்டர்ஸ்பர்க் பனிக்காலம்

இப்போது ஆய்வின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். தெற்கின் சிப்பாய் 1863இலும் பசித்துத்தான் இருந்தான், 1863இலும் வீட்டிலிருந்து அழுகைக் கடிதம் வந்தது, பண்ணையார் அப்போதும் தப்பித்தான். அப்போது அவன் பொறுத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது: லீ இருக்கிறார், வடக்கு சலித்துப்போகும், 1864 தேர்தலில் லிங்கன் தோற்பார், சமாதானம் வரும். நவம்பர் 8இல் அந்தக் கணக்கு செத்தது. இன்னும் நாலு வருடம் லிங்கன்.

ஒரு வாரம் கழித்து வடக்கின் தளபதி ஷெர்மன் 60,000 பேரோடு அட்லாண்டாவிலிருந்து கடற்கரை நோக்கிக் கிளம்பினார்; டிசம்பர் 21இல் சவானா துறைமுகம் விழுந்தது. வழியில் களஞ்சியம், ரயில்பாதை, கால்நடை எதுவும் மிச்சமில்லை. அடுத்து கரோலினாக்கள். வர்ஜீனியா அகழியில் எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, எதிரி தன் வீட்டு முற்றத்தில் நிற்பதாகக் கடிதம் வந்தது. வீட்டைக் காக்கவென்று படைக்கு வந்தவன் அவன். எங்கே நின்றால் வீட்டைக் காக்கலாம்?

அகழியோ 30 மைலுக்கு மேல் நீண்டுவிட்டது. அதைக் காக்கும் ஆள் நாளுக்கு நாள் குறைந்தான். கொஞ்சம் சோளமாவு, துண்டு பன்றிக்கொழுப்பு. அதுவும் சில நாள் இல்லை. சில இடங்களில் எதிரியின் காவல் ஆள் கூப்பிடும் தூரத்தில். புகையிலை கொடுத்துக் காப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போனால் சோறு உண்டு, சத்தியம் செய்துகொடுத்தால் போருக்கு வெளியே போய்விடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இருட்டில் சிலர் அங்கே போனார்கள், பலர் ஊர்ப்பக்கம் போனார்கள். லீ பிப்ரவரியில் எழுதிய கடிதம் இந்த நிலையில்தான்.

ஆக, பசி, பாரபட்சம், நம்பிக்கை அறுந்தது என்ற மூன்றில் கடைசியைத்தான் நான் முதலில் வைப்பேன். முதல் இரண்டும் வருடக்கணக்கில் இருந்தும் படை நின்றது. மூன்றாவது சேர்ந்தபோதுதான் கரைந்தது. உள்ளிருந்து புழுத்தே தெற்கு விழுந்தது என்று ஒரு கட்சி, களத்தில் அடித்தே வீழ்த்தினார்கள் என்று ஒரு கட்சி, நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகின்றன. அட்லாண்டா களத்தில் விழுந்தது. அதன் சேதி வடக்கின் வாக்குப்பெட்டி வழியாகத் தெற்கின் அடுப்படிக்கு வந்தது, அங்கிருந்து தபாலில் அகழிக்குப் போனது. இதில் எந்த இடத்தில் வெட்டி உள், வெளி என்று பிரிப்பது?

ஏப்ரல் 2இல் பீட்டர்ஸ்பர்க் வரிசை உடைந்தது. 9ஆம் தேதி அப்போமாட்டாக்ஸில் லீ சரணடைந்தபோது அவரிடம் இருந்தவர்கள் சுமார் 28,000 பேர். கிராண்ட் செய்த ஏற்பாடுகளில் ஒன்று 25,000 பேருக்கு ரேஷன். இன்னொன்று, சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிக்கொண்டு போகலாம், விதைப்புக் காலம், உழவுக்கு வேண்டும் என்று. பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார்: “அந்தாளு சம்சாரிங்க.” கிராண்டும் போருக்கு முன் மிசௌரியில் காடு உழுது நொடித்தவர் என்று சொன்னேன்.

‘ஜனங்கள்’ யார்?

முதுகலைப் பெண் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் கேட்டார்: “இவ்வளவு நேரமும் தெற்கு ஜனங்க ஆதரவு, தெற்கு ஜனங்க பசின்னு சொன்னீங்கண்ணா. அந்த ஜனங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அடிமைங்க. அவங்களை எந்தக் கணக்குல சேத்தீங்க?”

தெற்கின் 11 மாநிலங்களில் மொத்தம் சுமார் 90 லட்சம் பேர். அதில் 35 லட்சம் அடிமைகள். பருத்தியை எடுத்தது, அகழி வெட்டியது, பண்ணையில் சோளம் விளைவித்தது அவர்கள். வடக்குப் படை பக்கத்தில் வந்த இடமெல்லாம் பண்ணையை விட்டுக் கிளம்பினார்கள். போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் வெளியேறியிருந்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்துக்குப் பிறகு சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். தெற்கும் கடைசியில், 1865 மார்ச்சில், அடிமைகளைப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டது. யாரை அடிமையாக வைத்திருக்கப் போர் தொடங்கினார்களோ, அவர்கள் கையிலேயே துப்பாக்கி கொடுக்கும் நிலை.

படை மனம் என்பதற்கு இவர்களிடம் வேறொரு கணக்கு இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10, அதிலும் துணிக்கு என்று 3 பிடித்தம். 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட், 1863 ஜூலையில் வாக்னர் கோட்டைமேல் ஏறிப் பாதிக்கு நெருக்கமாக ஆளை இழந்த பிரிவு, அந்தச் சம்பளத்தைக் கையால் தொட மறுத்தது. குறைகிற தொகையை மாநிலமே போடுகிறோம் என்று மாசசூசெட்ஸ் அரசு சொன்னதையும் மறுத்தது. வீட்டில் குடும்பம் பட்டினி. ஆனாலும் வருடத்துக்கு மேலாக ஒரு பைசா வாங்காமல் சண்டை போட்டார்கள்.

இன்னொரு பிரிவில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜெண்ட், அடிமையாக இருந்தவர், 1863 நவம்பரில் தன் ஆட்களைக் கூட்டிப்போய்த் தளபதியின் கூடாரத்துக்கு முன் துப்பாக்கிகளைக் கீழே அடுக்க வைத்தார். சொன்ன சம்பளம் தராவிட்டால் வேலை இல்லை என்றார். கலகம் என்று வழக்குப் போட்டு 1864 பிப்ரவரி 29இல் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

ஜூன் மாதம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சமச் சம்பளச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் ஒரு முடிச்சு: 1861 ஏப்ரல் 19க்கு முன்பே சுதந்திர மனிதனாக இருந்தவனுக்குத்தான் சேர்ந்த நாளிலிருந்து பாக்கி, மற்றவனுக்கு 1864 ஜனவரியிலிருந்துதான். 54ஆவது ரெஜிமெண்டின் கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தத் தேதியில் என் உழைப்பைக் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார். அடிமையாக இருந்தவனும் மனசாட்சி உறுத்தாமல் அந்தச் சத்தியத்தைச் செய்யலாம். செய்தார்கள். பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். வாக்கரின் ஆட்களைப்போல அடிமை மாநிலங்களில் சேர்ந்த பிரிவுகளுக்கு முழுப் பாக்கிக்கு வழிசெய்யும் சட்டம் 1865 மார்ச்சில்தான் வந்தது, லீ சரணடைய ஒரு மாதம் இருக்கும்போது.